கணினியைத் திணறடிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள்: பாதுகாப்பைக் கைவிடாமல் பிராசஸர் சுமையைக் குறைப்பது எப்படி?

கணினியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே விசிறியின் இரைச்சல் கூடுகிறது; கோப்பு ஒன்றைத் திறந்தால் அது திரைக்கு வர நெடுநேரம் ஆகிறது; தட்டச்சு செய்யும் எழுத்துகூடத் தாமதமாகத் தோன்றுகிறது. காரணத்தைத் தேடிப் பார்த்தால், கணினியைக் காக்க வேண்டிய வைரஸ் தடுப்பு மென்பொருளே பிராசஸரின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருப்பது தெரியவருகிறது. வீட்டுக் கணினி முதல் அலுவலகச் சர்வர் வரை பரவலாகக் காணப்படும் சிக்கல் இது.

இத்தகைய நிலையில் பலரும் உடனடியாகச் செய்வது, அந்த மென்பொருளை நிறுத்திவிடுவது அல்லது அடியோடு நீக்கிவிடுவது. வேகம் திரும்பிவிடும், ஆனால் பாதுகாப்பு போய்விடும். பிராசஸர் சுமை என்பது ஓர் அறிகுறி மட்டுமே. எந்தச் சோதனை நடக்கிறது, எந்தக் கோப்பு அதற்குக் காரணம், எந்த நேரத்தில் சுமை கூடுகிறது என்பவற்றைக் கண்டறிந்தால், பாதுகாப்பைக் கைவிடாமலேயே பெரும்பாலான சிக்கல்களைத் தீர்த்துவிட முடியும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளுடன் சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதற்கான வழிமுறைகள் இங்கே விளக்கப்படுகின்றன. பிற நிறுவனங்களின் மென்பொருள்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

சுமை ஏன் ஏற்படுகிறது?

வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டு வகைகளில் இயங்குகிறது. முதலாவது, உடனுக்குடன் நடைபெறும் கண்காணிப்பு. கணினியில் ஒரு கோப்பு திறக்கப்படும்போதோ, எழுதப்படும்போதோ, பதிவிறக்கப்படும்போதோ அது இடைமறித்துச் சோதிக்கப்படுகிறது. இரண்டாவது, குறித்த நேரத்தில் நடைபெறும் ஸ்கேன். இதில் வட்டில் உள்ள கோப்புகள் வரிசையாகச் சோதிக்கப்படுகின்றன.

ஒவ்வொரு கோப்பும் ஏற்கெனவே அறியப்பட்ட தீங்கு நிரல்களின் அடையாளங்களுடன் ஒப்பிடப்படுகிறது. ஐயத்துக்குரிய கோப்பாக இருந்தால், அது எவ்வாறு இயங்கும் என்பதும் பாவனையாக இயக்கிப் பார்க்கப்படுகிறது. 'ஜிப்' போன்ற சுருக்கப்பட்ட கோப்புகள் விரிக்கப்பட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆராயப்படுகின்றன. இவை அனைத்துக்கும் பிராசஸரின் உழைப்பு தேவை.

ஒருமுறை சோதித்த கோப்பை மீண்டும் மீண்டும் சோதிக்காமல் இருக்க, மென்பொருள் தனக்கென ஒரு நினைவுப் பட்டியலை வைத்துக்கொள்கிறது. புதிதாக நிறுவப்பட்ட கணினியில் அப்பட்டியல் காலியாக இருக்கும். எனவே முதல் சில நாள்களுக்குச் சுமை கூடுதலாகத் தெரிவது இயல்பே. விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு நிறுவப்பட்ட பிறகும், ஏராளமான கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகலெடுக்கும்போதும் இதே நிலை ஏற்படக்கூடும்.

முதற்படி: காரணத்தை உறுதிசெய்தல்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'சிபியு' என்ற தலைப்பின்மீது சொடுக்கினால், பிராசஸரை அதிகம் பயன்படுத்தும் நிரல்கள் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தப்படும். டிஃபெண்டரின் இயக்கம் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்ற பெயரில் அங்கு காணப்படும். பிற மென்பொருள்கள் பெரும்பாலும் தங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே இடம்பெற்றிருக்கும்.

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சுமை பிராசஸரிலா, வட்டிலா என்பது. 'டிஸ்க்' என்ற பத்தி 100 சதவீதத்தை ஒட்டி நிற்க, 'சிபியு' பத்தி குறைவாகவே இருந்தால், சிக்கல் பிராசஸரில் இல்லை. வட்டின் வேகத்தில் இருக்கிறது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் பொருத்தப்பட்ட கணினிகளில் இந்நிலையே மிகுதி.

இரண்டாவது, சதவீதத்தின் பொருள். டாஸ்க் மேனேஜர் காட்டும் எண், பிராசஸரின் அனைத்து மையங்களுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. நான்கு மையங்கள் கொண்ட பிராசஸரில் ஒரு நிரல் இடைவிடாமல் 25 சதவீதத்தில் நின்றால், ஒரு மையம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். ஏறி இறங்கும் சுமை ஸ்கேன் நடப்பதைக் காட்டும்; ஒரே அளவில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும் சுமை, ஏதோ ஓரிடத்தில் நிரல் சிக்கிக்கொண்டிருப்பதைக் காட்டும்.

மூன்றாவது, நேரம். சுமை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, அந்த நேரத்தில் வேறென்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை இரண்டு, மூன்று நாள்களுக்குக் குறித்துவைப்பது நல்லது. ஒரு குறிப்பிட்ட மென்பொருளைத் திறக்கும்போது மட்டும் சுமை கூடினால், அது உடனுக்குடன் நடக்கும் கண்காணிப்பின் விளைவு. வேறெந்த வேலையும் இல்லாதபோது கூடினால், குறித்த நேர ஸ்கேனின் விளைவு. இரண்டுக்கும் தீர்வுகள் வேறு வேறானவை.

ஸ்கேன் நேரத்தை மாற்றுதல்

குறித்த நேர ஸ்கேன்தான் காரணம் என்றால், அதை நிறுத்தத் தேவையில்லை. நேரத்தை மாற்றினால் போதும். தொடக்கப் பட்டியலில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று தேடித் திறந்து, அதன் தொகுப்பில் 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'விண்டோஸ் டிஃபெண்டர்' ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க வேண்டும். அங்கு டிஃபெண்டருக்கான நான்கு பணிகள் இருக்கும். அவற்றுள் 'ஷெட்யூல்டு ஸ்கேன்' என்பதன் பண்புகளைத் திறந்து, 'டிரிகர்ஸ்' பகுதியில் வசதியான நாளையும் நேரத்தையும் குறிக்கலாம். 'கண்டிஷன்ஸ்' பகுதியில், கணினி ஓய்வாக இருக்கும்போது மட்டும் தொடங்கு, மின் இணைப்பில் இருக்கும்போது மட்டும் தொடங்கு என்ற நிபந்தனைகளையும் சேர்க்கலாம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் திறந்து, வேலை முடிந்தவுடன் மூடிவைக்கப்படும் மடிக்கணினிக்கு ஓய்வு நேரம் என்ற ஒன்றே கிடைப்பதில்லை. நிலுவையில் உள்ள பராமரிப்புப் பணிகள் அனைத்தும், பயனர் வேலை செய்யும் அந்த ஒரு மணி நேரத்திலேயே முண்டியடித்துக்கொண்டு வரும். வாரம் ஒருமுறை, மின் இணைப்பு கொடுத்து, கணினியை இயங்கவிட்டு ஓரிரு மணி நேரம் ஒதுங்கியிருப்பதே இதற்கு எளிய தீர்வு.

விரைவு ஸ்கேன், முழு ஸ்கேன் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிந்திருக்க வேண்டும். தீங்கு நிரல்கள் வழக்கமாக ஒளிந்துகொள்ளும் இடங்களை மட்டும் விரைவு ஸ்கேன் பார்க்கிறது. முழு ஸ்கேன் எல்லாக் கோப்புகளையும் ஆராய்வதால் மணிக்கணக்கில் நீடிக்கக்கூடும். உடனுக்குடன் நடக்கும் கண்காணிப்பு இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில், அன்றாடம் முழு ஸ்கேன் செய்வதற்கு அவசியமில்லை.

ஸ்கேனுக்கு உச்ச வரம்பு

ஸ்கேனின்போது பிராசஸரில் எத்தனை சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு டிஃபெண்டரில் ஒரு வரம்பு உண்டு. இயல்பாக அது 50 சதவீதம். 'பவர்ஷெல்' மூலமாகவோ, விண்டோஸின் புரோ, எண்டர்பிரைஸ் பதிப்புகளில் உள்ள 'குரூப் பாலிசி' மூலமாகவோ இதை 5 முதல் 100 வரை மாற்றிக்கொள்ளலாம். 0 என்று கொடுத்தால் வரம்பே இல்லை என்று பொருள்; வேகம் வேண்டி பூஜ்ஜியம் கொடுப்பவர்களுக்கு எதிர்மாறான விளைவே கிடைக்கும்.

இந்த வரம்பைப் பற்றி இரண்டு குறிப்புகள். இது சராசரி அளவுக்கான வழிகாட்டுதலே தவிர, மீறவே முடியாத எல்லைக்கோடு அன்று. சில நொடிகளுக்குச் சுமை அதற்கு மேலே செல்லக்கூடும். கணினி ஓய்வாக இருக்கும்போது நடக்கும் ஸ்கேனுக்கும், உடனுக்குடன் நடக்கும் கண்காணிப்புக்கும் இயல்பு நிலையில் இது பொருந்துவதில்லை. மேலும், வரம்பை மிகக் குறைத்தால் ஸ்கேன் முடிய அதற்கேற்ப நீண்ட நேரம் பிடிக்கும்.

ஒரே கணினியில் இரண்டு மென்பொருள்கள்

இரண்டு பாதுகாப்பு மென்பொருள்கள் இருந்தால் பாதுகாப்பும் இருமடங்காகும் என்ற எண்ணம் தவறானது. ஒரு கோப்பை முதல் மென்பொருள் திறந்து சோதிக்கும்போது, கோப்பு திறக்கப்பட்டதைக் கண்ட இரண்டாவது மென்பொருளும் அதைச் சோதிக்கத் தொடங்கும். ஒரே வேலை இருமுறை நடக்கும். ஒன்றையொன்று தீங்கு நிரலாகக் கருதி மோதிக்கொள்ளவும் கூடும்.

வீட்டுக் கணினிகளில், சென்னையைச் சேர்ந்த கே7 கம்ப்யூட்டிங், புணேயைச் சேர்ந்த குவிக் ஹீல் போன்ற நிறுவனங்களின் மென்பொருளை நிறுவினால், டிஃபெண்டர் பொதுவாகத் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் விண்டோஸ் சர்வர் 2016 முதலான சர்வர் பதிப்புகளில் அவ்வாறு தானாக ஒதுங்குவதில்லை. நிர்வாகிதான் அதற்கான மாற்றத்தைச் செய்ய வேண்டும். அலுவலகச் சர்வர் திடீரென மந்தமானால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று.

புதிய கணினியுடன் சோதனைக் காலத்துக்கு இலவசமாக வரும் மென்பொருள், காலம் முடிந்த பிறகும் நீக்கப்படாமல் கிடப்பதுண்டு. வழக்கமான முறையில் நீக்கினாலும் அதன் சில கூறுகள் எஞ்சியிருக்கலாம். பல நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை முற்றாக அகற்றுவதற்கென்றே தனிக் கருவியை இலவசமாக வழங்குகின்றன. அதைப் பயன்படுத்திக் கணினியை மீண்டும் தொடங்குவதே முறையான வழி.

விலக்குப் பட்டியல்: பயனும் ஆபத்தும்

உடனுக்குடன் நடக்கும் கண்காணிப்புதான் சுமைக்குக் காரணம் என்று தெரிந்தால், அடுத்த தீர்வு விலக்குப் பட்டியல். டேலி போன்ற கணக்குப் பதிவு மென்பொருள்களின் தரவுக் கோப்புறை, தரவுத்தளக் கோப்புகள், பல ஜிபி அளவுள்ள மின்னஞ்சல் பெட்டகங்கள், மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள், மென்பொருள் உருவாக்குநர்களின் நிரல் தொகுப்புகள் ஆகியவை நொடிக்குப் பலமுறை திறந்து எழுதப்படுபவை. ஒவ்வொரு முறையும் அவை சோதிக்கப்படுவதால் சுமை கூடுகிறது. இத்தகைய கோப்புறையை மட்டும் சோதனையிலிருந்து விலக்கிவைக்கலாம்.

'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதன் இறுதியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற வசதி இருக்கும். ஒரு கோப்பையோ, கோப்புறையையோ, கோப்பு வகையையோ, ஒரு நிரலையோ அதில் சேர்க்கலாம். நிரலைச் சேர்க்கும்போது வெறும் பெயரை மட்டும் கொடுக்காமல், அது இருக்கும் முழு முகவரியையும் கொடுக்க வேண்டும். பெயர் மட்டும் இருந்தால், அதே பெயரைச் சூட்டிக்கொண்டு வேறிடத்தில் இயங்கும் தீங்கு நிரலும் சலுகை பெற்றுவிடும்.

விலக்கு என்பது வேலியில் திறந்துவைக்கும் வழி. அது சிறியதாக இருக்க வேண்டும். 'சி' டிரைவ் முழுவதையும், பதிவிறக்கங்கள் சேரும் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையையும், டெஸ்க்டாப்பையும், தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தையும் ஒருபோதும் விலக்கக் கூடாது. இயக்கக் கோப்புகள், ஜிப் கோப்புகள், மேக்ரோ கொண்ட ஆவணங்கள் ஆகியவற்றை வகை அடிப்படையில் மொத்தமாக விலக்குவதும் கூடாது. தீங்கு நிரல்கள் பெரும்பாலும் இந்த வழிகளில்தான் நுழைகின்றன.

விலக்குப் பட்டியலை மாதம் ஒருமுறையேனும் திறந்து பார்ப்பது நல்லது. கணினிக்குள் நுழையும் தீங்கு நிரல்கள், தங்களைத் தாங்களே அப்பட்டியலில் சேர்த்துக்கொள்வது அறியப்பட்ட தந்திரம். யாரும் சேர்க்காத ஒரு பெயர் அங்கு இருந்தால், அதுவே எச்சரிக்கை மணி.

மென்பொருள் உருவாக்குநர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸ் 11-இல் 2023-ஆம் ஆண்டு அறிமுகமான 'டெவ் டிரைவ்' என்னும் தனி வட்டுப் பகுதியில், கோப்பு திறக்கப்படுவதைத் தடுத்து நிறுத்தாமல், திறந்த பிறகு சோதனையை நடத்தும் முறையை டிஃபெண்டர் கையாள்கிறது. முற்றாக விலக்குவதைவிட இது பாதுகாப்பானது.

எந்தக் கோப்பு என்று தெரியாவிட்டால்?

எதை விலக்குவது என்று ஊகிக்கத் தேவையில்லை. டிஃபெண்டரிலேயே அதற்கென ஒரு பகுப்பாய்வுக் கருவி உள்ளது. நிர்வாகி உரிமையுடன் பவர்ஷெல்லைத் திறந்து பதிவைத் தொடங்கி, கணினி மந்தமாகும் வேலையைச் சில நிமிடங்கள் செய்து, பிறகு பதிவை நிறுத்தினால், எந்தக் கோப்பைச் சோதிக்க எவ்வளவு நேரம் ஆனது, எந்த நிரல் அச்சோதனையைத் தூண்டியது என்ற பட்டியல் கிடைக்கும். பட்டியலின் முதல் பத்து வரிகளே பெரும்பாலும் போதுமானவை. இதற்கான கட்டளைகள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அதிகாரபூர்வ உதவிப் பக்கத்தில், 'பெர்ஃபாமன்ஸ் அனலைசர்' என்ற தலைப்பில் உள்ளன.

பட்டியலில் மேலே இருப்பதாலேயே ஒன்றை விலக்கிவிடக் கூடாது. அது எந்த நிறுவனத்தின் கோப்பு, எதற்காக அடிக்கடி திறக்கப்படுகிறது என்பதை அறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

குறை மென்பொருளிலேயே இருக்கும்போது

சில வேளைகளில் பயனர் என்ன மாற்றினாலும் பயன் இருக்காது. குறை மென்பொருளின் உள்ளேயே இருக்கும். ஃபயர்பாக்ஸ் உலாவியைப் பயன்படுத்தும்போது டிஃபெண்டர் அளவுக்கு அதிகமாகப் பிராசஸரை எடுத்துக்கொள்கிறது என்ற புகார் 2018-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, மொசில்லா பொறியாளர்கள் நுணுகி ஆராய்ந்து, உலாவியின் சில சாதாரணச் செயல்பாடுகளை ஆராய டிஃபெண்டர் தேவைக்கு மீறிக் கணக்கிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டறிந்தனர். 2023 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புதுப்பிப்பில் அது சரிசெய்யப்பட்டது. ஃபயர்பாக்ஸில் உலாவும்போது டிஃபெண்டர் செலவிடும் பிராசஸர் நேரம் இதனால் சுமார் 75 சதவீதம் குறையும் என்று அவர்கள் தெரிவித்தனர்.

அந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனையோ பயனர்கள் தங்கள் கணினியையும் உலாவியையும் மாற்றிப் பார்த்திருக்கக்கூடும். உண்மையான தீர்வு, வைரஸ் அடையாளப் பட்டியலுடன் சேர்த்து, அதைச் சோதிக்கும் மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்வதில்தான் இருந்தது. எனவே எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன், விண்டோஸ், உலாவி, வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆகிய மூன்றும் அண்மைப் பதிப்பில் உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும்.

புதுப்பிப்பே சிக்கலைக் கொண்டுவந்த நிகழ்வுகளும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட அடையாளப் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று தவறாகக் கருதியது. உலகெங்கும் அலுவலகக் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து தொடங்கின. 2024 ஜூன் இறுதியில் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் ஏற்பட்ட குறையால், பிராசஸரின் ஒரு மையம் முழுவதும் பிடிக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்குப் பின், ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் மற்றொரு புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயண அட்டைகள் வழங்கப்பட்டன.

ஒரே அலுவலகத்தில் பல கணினிகள் ஒரே நாளில் ஒன்றாக மந்தமானால், தனிக் கணினியில் காரணத்தைத் தேடுவதைவிட, அன்றைய புதுப்பிப்பைப் பற்றி நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்ப்பதே பொருத்தமானது.

பாதுகாவலர் வேடத்தில் வேறொருவர்

டாஸ்க் மேனேஜரில் தெரியும் பெயரை மட்டும் நம்பிவிட முடியாது. பிறருடைய கணினியின் பிராசஸரைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்திக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரல்கள், விண்டோஸ் சேவைகளின் பெயரையும் வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயரையும் சூட்டிக்கொண்டு இயங்குவதுண்டு. அந்தப் பெயரின்மீது வலது பொத்தானைச் சொடுக்கி, கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். உண்மையான டிஃபெண்டர், 'புரோகிராம் டேட்டா' அல்லது 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் 'விண்டோஸ் டிஃபெண்டர்' என்ற பெயருள்ள இடத்திலேயே இருக்கும். கோப்பின் பண்புகளில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதியில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

இந்த ஐயம் மிகைப்படுத்தப்பட்டதன்று. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோவேர்ல்டு நிறுவனத்தின் 'இ-ஸ்கேன்' வைரஸ் தடுப்பு மென்பொருளின் புதுப்பிப்பு வழியை இடைமறித்து, 'குப்டிமைனர்' என்ற தீங்கு நிரலை விஷமிகள் பரப்பியதை அவாஸ்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024 ஏப்ரலில் வெளிப்படுத்தினர். பெரிய நிறுவனங்களின் வலையமைப்புக்குள் கள்ளவழி திறந்ததுடன், கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரலையும் அது இறக்கியது. இது குறித்து இ-ஸ்கேனுக்கும், இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்கும் தகவல் தெரிவிக்கப்பட்டது; குறை சரிசெய்யப்பட்டுவிட்டதாக இ-ஸ்கேன் 2023 ஜூலை 31 அன்று உறுதிப்படுத்தியதாகவும் அவாஸ்ட் தெரிவித்தது.

ஐயம் நீடித்தால், விண்டோஸ் இயங்கத் தொடங்கும் முன்பே சோதிக்கும் டிஃபெண்டர் 'ஆஃப்லைன் ஸ்கேன்' வசதியைப் பயன்படுத்தலாம். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்ளும் நிரல்களுக்கு அப்போது மறைவிடம் இருக்காது. செர்ட்-இன் அமைப்பின் கீழ் 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கப்பட்ட 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா', தீங்கு நிரல்களை அகற்றும் கருவிகளைப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கிவருகிறது.

நிறுத்திவைப்பதன் விலை

'இணையத்தில் கவனமாக இருந்தால் போதும், வைரஸ் தடுப்பு தேவையில்லை' என்ற கருத்து இன்றும் நிலவுகிறது. 2017 மே மாதம் பரவிய 'வன்னாகிரை', பயனர் எதையும் சொடுக்காமலேயே வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது; ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும் அதில் பாதிக்கப்பட்டன. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவுகள் பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பல நாள்களுக்கு நோயாளிகளின் பதிவுகள் கையால் எழுதப்பட்டன. கணினி சற்று மந்தமாவதால் ஏற்படும் இடையூறு, இத்தகைய இழப்புடன் ஒப்பிடத்தக்கதன்று.

டிஃபெண்டரின் உடனடிக் கண்காணிப்பை அமைப்புகளில் நிறுத்தினாலும், சிறிது நேரத்தில் அது தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கும். அதைப் பதிவேட்டு மாற்றங்கள் மூலம் நிரந்தரமாக முடக்கும் 'குறுக்கு வழி' நிரல்கள் இணையத்தில் உலவுகின்றன. அவற்றை இயக்குவது, வீட்டுச் சாவியை அறிமுகமற்றவரிடம் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும்.

உதவி என்ற பெயரில் மோசடி

கணினி மந்தமாக இருக்கும் நேரத்தில், 'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்ற அறிவிப்பு திரையில் தோன்றினால் பலரும் நம்பிவிடுகின்றனர். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. ஏதோ ஓர் இணையதளத்துக்கு எப்போதோ அளிக்கப்பட்ட 'நோட்டிஃபிகேஷன்' அனுமதியே பல நேரங்களில் இத்தகைய அறிவிப்புகளுக்குக் காரணம். உலாவியின் அமைப்புகளில் அதை நீக்கிவிடலாம்.

தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் இந்தியாவிலிருந்து இயங்கிய மோசடிக் கும்பல்கள் குறித்து மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் அளித்த புகார்களும், 2023 அக்டோபரில் சிபிஐ நடத்திய 'ஆபரேஷன் சக்ரா-2' சோதனைகளுக்கு அடிப்படையாக அமைந்தன. அறிமுகமற்றவர் சொல்வதைக் கேட்டுக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலிகளை நிறுவக் கூடாது. பணம் பறிபோயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

அலுவலகக் கணினியும் பழைய கணினியும்

அலுவலகம் வழங்கிய கணினியில் விலக்குகளைச் சேர்ப்பதோ, வரம்பை மாற்றுவதோ ஊழியரின் உரிமைக்கு உட்பட்டதன்று. சுமை கூடிய நேரம், அப்போது திறந்திருந்த மென்பொருள், டாஸ்க் மேனேஜரின் படம் ஆகியவற்றுடன் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரிவித்தால் தீர்வு விரைவில் கிடைக்கும். தீங்கு நிரல் நுழைந்துள்ளது என்று தெரியவந்தால் மறைக்காமல் கூறுவது இன்றியமையாதது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் அவ்வமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

4 ஜிபி நினைவகமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் கொண்ட பழைய கணினியில் எந்த மாற்றமும் ஓரளவுக்கு மேல் பயன் தராது. வட்டை எஸ்எஸ்டி-க்கு மாற்றுவதும், நினைவகத்தைக் கூட்டுவதும் அங்கு பெரிய மாற்றத்தைத் தரும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். டிஃபெண்டருக்கான அடையாளப் பட்டியல்கள் 2028 அக்டோபர் வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தாலும், இயங்குதளத்தில் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அவற்றால் அடைக்க முடியாது.

வரிசை முறை

சுருக்கமாக, பின்பற்ற வேண்டிய வரிசை இதுவே:

1. டாஸ்க் மேனேஜரில் சுமை பிராசஸரிலா, வட்டிலா என்று பார்த்து, நிரலின் இருப்பிடத்தையும் கையொப்பத்தையும் சரிபார்க்கவும்.

2. புதிய கணினி அல்லது பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு என்றால் ஓரிரு நாள்கள் பொறுத்துப் பார்க்கவும்.

3. விண்டோஸ், உலாவி, வைரஸ் தடுப்பு மென்பொருள் மூன்றையும் புதுப்பிக்கவும்.

4. இரண்டாவது பாதுகாப்பு மென்பொருள் இருந்தால் ஒன்றை முற்றாக அகற்றவும்.

5. ஸ்கேன் நேரத்தை ஓய்வு நேரத்துக்கு மாற்றவும். தேவையெனில் உச்ச வரம்பைக் குறைக்கவும்.

6. பகுப்பாய்வுக் கருவி மூலம் உறுதிசெய்த பிறகு, நம்பகமான ஒரு கோப்புறையை மட்டும் விலக்கவும்.

7. அதன் பிறகும் தீராவிட்டால் ஆஃப்லைன் ஸ்கேன் செய்யவும். பின்னர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவவும், அல்லது வேறொரு நம்பகமான மென்பொருளுக்கு மாறவும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதன் விளைவை ஒரு நாள் கவனித்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வேளையில் மாற்றினால், எது பயன்பட்டது என்பதும் தெரியாது. எந்த வழி தேவையின்றித் திறந்து கிடக்கிறது என்பதும் தெரியாது.